தேரைக் கவர்ந்த குடிகள்

(பிலாய் நகரில், நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. கம்பரைப் பற்றியோ இளங்கோவைப் பற்றியோ பேசினால் கேட்கச் செவிக்கு இனிமையாக இருக்கும் என்பதை நான் அறிவேன். ஆயினும் இன்று வேறொரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது ஓர் அரசைப் பற்றியது. அவ்வரசில் குடிகள் பல. ஊர்தோறும் தெய்வம் வேறு. அவர்கள் அனைவர்க்கும் மன்னன் ஒருவன்.

நம் குடியிருப்பில் வளரும் இளைஞர் பலர் கற்பனை உலகங்களைப் பற்றிய கதைகளிலும் விளையாட்டுகளிலும் பெருவிருப்பம் உடையவர்கள். அத்தகைய உலகங்களுள் ஒன்று, கிரெக் ஸ்டாஃபோர்டு என்னும் அமெரிக்கர் படைத்த குளோராந்தா. 1975ஆம் ஆண்டில் வெளிவந்த பலகை விளையாட்டு ஒன்றின் வாயிலாக அது முதன்முதலில் உலகறிய வந்தது. அவ்வுலகில் சார்ட்டார் என்றொரு மலைநாடு உண்டு. குலங்கள் பல கூடி ஒரு குடியாகவும், குடிகள் பல கூடி ஓர் அரசாகவும் அங்கே நிற்கின்றன. அக்குடிகளைப் படை கொண்டு அடக்காமல், பகை தீர்த்தும் சாலையும் நகரும் சமைத்தும் இணைத்தவனே அந்நாட்டின் முதல் மன்னன். தலைவனாவோன் தன் தெய்வத்தின் செயல்களைச் சடங்கின் வழியே தானும் நிகழ்த்திக் காட்டக் கடமைப்பட்டவன். பின்னர் ஒரு பேரரசு படையெடுத்து வருகின்றது. நாட்டைக் கைப்பற்றியதோடு நில்லாமல், அம்மக்களின் தெய்வ வழிபாட்டையும் அது தடுக்கின்றது. வழிபாடு நிலைத்திருக்கும் வரையில் அந்த அரசு முற்றும் அழியாது என்பதை அப்பேரரசு அறிந்திருந்தது.

இது கற்பனை. இத்தகைய நாடு எங்கேனும் உண்மையில் இருந்திருக்குமா என்று கேட்கும் இளைஞர்க்கு நான் சொல்வது இதுதான்: இருந்தது. நாம் அமர்ந்திருக்கும் இந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தெற்கே சென்றால் ஜகதல்பூரை அடையலாம். அதனைத் தலைநகராகக் கொண்டு விளங்கிய பஸ்தர் அரசே அது. அங்கே எழுதாத அரசியல் சட்டமாகச் சமயமே விளங்கிற்று என்பதும், அச்சட்டத்தின் உயிர்நாடி 'இசைவு' என்னும் ஒரு சொல்லே என்பதும்தான் இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

பழைய பஸ்தர் மாவட்டம் பரப்பால் கேரள மாநிலத்தினும் சற்றுப் பெரியது. 1998ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் அது பல மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. முரியா, மாரியா, ஹல்பா, பத்ரா, துர்வா, தோர்லா முதலிய குடியினர் அங்கே வாழ்கின்றனர். இவர்களுள் பலர் பேசும் கோண்டி மொழியும், துர்வா மக்களின் மொழியும் நம் தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டு, மூன்று, நான்கு என நாம் எண்ணுவதைக் கோண்டி பேசுவோர் 'ரண்டு, மூந்து, நாலுங்' என்று எண்ணுவர். நெடுந்தொலைவு பயணம் செய்து இந்நாட்டுக்கு வந்த நமக்கு, காட்டின் நடுவே மொழியுறவினர் காத்திருக்கின்றனர் என்பது மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ!

இனி, அரசு தோன்றிய வரலாற்றைக் காண்போம். 1323ஆம் ஆண்டில் வாரங்கல் நகரம் தில்லிப் படைகளிடம் வீழ்ந்தது. காகதிய மரபைச் சேர்ந்த அன்னமதேவர் அங்கிருந்து கோதாவரியைக் கடந்து வந்து இவ்வரசை நிறுவினார் என்பது பஸ்தரின் மரபுச் செய்தி. அவருக்குத் துணையாகத் தந்தேஸ்வரி அம்மன் பின்தொடர்ந்து வந்தாளாம். "என் சிலம்பொலி உன் பின்னே கேட்டுக்கொண்டிருக்கும், திரும்பிப் பாராமல் நட, நீ நடக்கும் நிலமெல்லாம் உன்னுடையது" என்பது அம்மனின் ஆணை. சங்கினி, டங்கினி என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், சிலம்பு மணலில் புதைந்து ஒலி அடங்கிற்று. மன்னர் ஐயுற்றுத் திரும்பிப் பார்த்தார். அம்மன் அங்கேயே நின்றுவிட்டாள். அந்த இடமே இன்றைய தந்தேவாடா.

இக்கதையின் உட்பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நாட்டை மன்னர் தம் வாளால் பெற்றதாகக் கதை கூறவில்லை. தெய்வம் அளித்தது என்று கூறுகின்றது. அளித்த தெய்வம் ஓர் எல்லையையும் வகுத்தது. மன்னர் நிலத்தின் உடைமையாளர் அல்லர்; அம்மனின் முதற்பூசகர். ஆட்சியுரிமை பூசையுரிமையிலிருந்து பிறந்தது.

மன்னருக்கு அம்மன் எவ்வாறோ, ஊராருக்கு மண் அவ்வாறு. ஒவ்வோர் ஊருக்கும் அதன் நிலத்தை மண்தாயே அளித்தாள் என்பது பஸ்தர் மக்களின் நம்பிக்கை. ஆதலால் உழவுத் திருவிழாதோறும் மண்ணுக்குப் படையல் இடுவர். மண்ணுக்குப் பூசை செய்வோர் ஒருவர். தெய்வம் ஏறி அருள்வாக்குச் சொல்லும் சிரஹா மற்றொருவர். பல ஊர்களுக்குத் தலைவராகிய மாஞ்ஜி இன்னொருவர். தம் ஊரின் எல்லை எது என்பதை அவர்கள் ஐயமற அறிவர். ஓர் ஊரார் மற்றோர் ஊரின் காட்டில் விறகோ மரமோ எடுக்க விரும்பினால், அவ்வூராருக்குச் சிறு கட்டணம் செலுத்துவர். கேட்டுப் பெறுவதே முறை. கேளாமல் எடுப்பது பிழை. இந்தச் சிறிய வழக்கத்தினின்றே அந்நாட்டின் அரசியல் முழுவதையும் விளங்கிக்கொள்ளலாம்.

அவ்வரசியலைக் கண்ணால் காண விரும்புவோர் பஸ்தரின் தசரா விழாவைக் காண வேண்டும். நம் இல்லங்களில் கொலு வைத்து நாம் ஒன்பது நாள் கொண்டாடுகின்றோம். அங்கே அது 75 நாள் நடைபெறுகின்றது. வட நாட்டுத் தசராவில் இராவணன் உருவத்தை எரிப்பதைக் கண்டிருக்கிறீர்கள். பஸ்தர்த் தசராவில் இராமனும் இல்லை, இராவணனும் இல்லை. அம்மனும் மக்களும் மன்னருமே அங்கே உண்டு.

ஆடி மாதத்து அமாவாசையில், காட்டிலிருந்து கொணர்ந்த மரத்துக்குப் பூசை செய்து விழா தொடங்குகின்றது. தேர் செய்யும் உரிமை பேடா உமர்காவ், ஜார் உமர்காவ் என்னும் ஊர்களைச் சேர்ந்த தச்சர்களுக்கே உரியது. ஆண்டுதோறும் புதிதாகத் தேர் செய்யப்படுகின்றது. எனினும் தேர் ஆயத்தமாகிவிட்டது என்பதனால் மன்னர் விழாவைத் தொடங்கிவிட முடியாது. மிர்கான் என்னும் நெசவாளர் குலத்துச் சிறுமி ஒருத்தி, முள்ளாலாகிய ஊஞ்சலில் அமர்த்தப்படுகிறாள். காச்சன் தேவி அவள்மேல் எழுந்தருள்கிறாள். அரச குடும்பத்தார் அச்சிறுமியின் முன்னே நின்று, விழா நடத்த இசைவு வேண்டுகின்றனர். அவள் இசைந்த பின்னரே விழா நடைபெறும். குலத்தால் எளியவளும் வயதால் சிறியவளுமான ஒருத்தியிடம், நாட்டில் மிக உயர்ந்தவர் கைகூப்பி அனுமதி கேட்கும் காட்சியை ஆண்டுக்கு ஒருமுறை நாடே நின்று பார்க்கின்றது.

அடுத்து, ஹல்பா குடியைச் சேர்ந்த ஒருவர் குழியொன்றில் அமர்ந்து, விழா இடையூறின்றி நிறைவேறும்பொருட்டு ஒன்பது நாள் நோன்பு நோற்கிறார். நவமி இரவில் தந்தேவாடாவிலிருந்து மாவ்லி அம்மனின் பல்லக்கு வருகின்றது. அரச குடும்பத்தார் எதிர்சென்று வரவேற்கின்றனர். நாற்புறத்து ஊர்களினின்றும் ஊர்த்தெய்வங்கள் தத்தம் பூசகருடன் வந்து கூடுகின்றன. மரம் தருவோர் ஓர் ஊரார். தேர் செய்வோர் ஓர் ஊரார். வடம் பிடிப்போர் ஓர் ஊரார். ஒருவர் வாராவிடினும் விழா நடவாது. ஒவ்வொரு குடிக்கும் விழாவில் ஓர் இடம் உண்டு. அந்த இடமே அரசில் அக்குடிக்குரிய இடம்.

எல்லாவற்றினும் வியப்பானது விசயதசமி நாளின் இரவு. அன்று எட்டுச் சக்கரத் தேர் நகரை வலம் வருகின்றது. கிலேபால் பகுதியைச் சேர்ந்த மாரியா மக்கள் அதனை இழுக்கின்றனர். இரவில் அத்தேர் அரண்மனை முன்னிருந்து கவர்ந்து செல்லப்பட்டு, கும்டாகோட் என்னும் காட்டுப் பகுதியில் நிறுத்தப்படுகின்றது. மறுநாள் அரச குடும்பத்தார் அங்கே செல்ல வேண்டும். மக்களோடு அமர்ந்து புத்தரிசிச் சோறு உண்ண வேண்டும். அதன் பின்னரே தேர் நகருக்குத் திரும்பும்.

தேர் என்றவுடன் நமக்குத் திருவாரூர் நினைவுக்கு வருகின்றது. அங்கே வீதிகளைச் சுற்றிய தேர் நிலைக்கு வந்து சேருவதே விழாவின் நிறைவு. இங்கே தேர் நிலையை விட்டுக் காட்டுக்குச் செல்கின்றது. "மன்னவனே! இத்தேர் எங்கள் மரத்தால் ஆயது. எங்கள் கையால் ஆயது. எங்கள் தோளால் நகர்வது. எம்மோடு இருந்து உண்ணாயெனில் இது எம்மிடமே தங்கும்" என்று வாய்திறந்து சொல்லாமல் குடிகள் சொல்லும் சொல்லன்றோ அது!

இவ்வாறு கூறுவதனால், பழைய பஸ்தர் ஒரு பொற்காலத்தில் வாழ்ந்தது என்று எவரும் எண்ண வேண்டா. வெட்டி வேலை அங்கே இருந்தது. அதிகாரிகளின் கொடுமை இருந்தது. ஆனால் கொடுமை எல்லை மீறியபோது அதனை எடுத்துரைக்க ஒரு வழியும் இருந்தது. 1876ஆம் ஆண்டில் மன்னர் பைரம்தேவர், வேல்ஸ் இளவரசரைக் காண்பதற்காகப் பயணம் புறப்பட்டார். திவானும் அவருடைய ஆட்களும் இழைத்த கொடுமைகளால் நொந்திருந்த முரியா மக்கள், வழியிலே மன்னரைத் தடுத்தனர். "எங்களை இவர்கள் கையில் விட்டுச் செல்லாதீர்கள்" என்று வேண்டினர். துப்பாக்கி சுடப்பட்டது, சிலர் மாண்டனர். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் திரண்டு ஜகதல்பூரை முற்றுகையிட்டனர். மன்னரைக் கொல்வது அவர்கள் நோக்கமன்று. மன்னரைத் தம்பால் மீட்டுக்கொள்வதே நோக்கம். தேரைக் கவர்ந்த அதே முறையை நகர் வாயிலிலும் நிகழ்த்தினர் என்று சொல்லலாம். முடிவில் ஆங்கில அதிகாரி வந்து குறை கேட்டார்; கொடியவர் பதவி இழந்தனர். தசரா விழாவின் ஒரு பகுதியாக இன்றளவும் நடைபெறும் 'முரியா தர்பார்' அந்த ஆண்டில் தொடங்கியது என்பர். அன்று மன்னர் இருந்து குறை கேட்ட அவையில், இக்காலத்தில் மாநில முதலமைச்சர் வந்து குறை கேட்பது வழக்கமாகியுள்ளது.

குறை கேட்பார் இல்லாதபோது நிகழ்வது யாது என்பதை 1910ஆம் ஆண்டு காட்டிற்று. 1905இல் ஆங்கில அரசு, காட்டின் மூன்றில் இரண்டு பங்கைத் தனக்கென ஒதுக்கவும், இடம் மாறிப் பயிரிடுதலையும் வேட்டையையும் காட்டுப் பொருள் திரட்டுதலையும் நிறுத்தவும் திட்டமிட்டது. ஊர்கள் காட்டை விட்டு அகற்றப்பட்டன. எவரிடமும் கேட்கவில்லை. மண்தாய் தந்த நிலத்தை, மண்ணுக்கு ஒரு பிடி படையலும் இடாத ஓர் அரசு காகிதத்தில் கோடிட்டு எடுத்துக்கொண்டது. 1899–1900இலும் 1907–1908இலும் பஞ்சமும் வந்து வாட்டியது. மாவிலைக் கொத்தும், மண்ணாங்கட்டியும், மிளகாயும், அம்பும் ஊர்விட்டு ஊர் சென்றன; அவையே போருக்கு அழைப்பு. 1910 பிப்ரவரியில் கிளர்ச்சி மூண்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பூம்கால்'. நேதானார் என்னும் ஊரைச் சேர்ந்த துர்வா குடியினராகிய குண்டா தூர் அதன் தலைவர்களுள் முதன்மை பெற்றவர். கிளர்ச்சியை அடக்க ஆங்கிலப் படைக்கு மூன்று திங்கள் ஆயின. குண்டா தூர் இறுதிவரை அகப்படவே இல்லை. போரில் மக்கள் தோற்றனர். ஆயினும் ஒதுக்குவதாக இருந்த காட்டின் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. மத்தியக் கல்வித் திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் பல்லாண்டுகள் இடம்பெற்ற பாடம் இது. தேர்வுக்காக இதனைப் படித்த நம் பிள்ளைகளுள் எத்தனை பேர், அந்நாடு நமக்கு அண்டை நாடு என்பதை உணர்ந்து படித்தனர்?

நாடு விடுதலை பெற்றது. 1948ஆம் ஆண்டில் பஸ்தர் அரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. அப்போதைய மன்னர் பிரவீர் சந்திர பஞ்ஜ் தேவ். 1929இல் பிறந்த அவர், தம் தாயார் 1936இல் இறந்தபின் சிறு வயதிலேயே பட்டம் ஏற்றவர். ஆட்சி போயிற்று, ஆயினும் அவர் அம்மனின் பூசகர் என்பதை மக்கள் மறக்கவில்லை. 1957இல் சட்டமன்றத்துக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அரசாங்கத்துக்கும் அவருக்கும் பிணக்கு முற்றியது. 1961இல் அவர் சிறைப்படுத்தப்பட்டார். அரசர் என்னும் ஏற்பு நீக்கப்பட்டு அவருடைய தம்பிக்கு அளிக்கப்பட்டது. எவர் மன்னர் என்பதை ஓர் ஆணைத்தாள் முடிவு செய்யும் என்று அரசாங்கம் கருதியது. அம்மன் முன்னே குடிகள் ஏற்பதே முடிவு என்று மக்கள் கருதினர். அவ்வாண்டு மார்ச்சு 31ஆம் நாள் லோஹண்டிகுடாவில் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டதில் பலர் மாண்டனர். 1966 மார்ச்சு 25ஆம் நாள் ஜகதல்பூர் அரண்மனையிலேயே பிரவீர் சந்திரரும் அவரைச் சூழ்ந்திருந்த பழங்குடி மக்கள் பலரும் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையாயினர்.

அவர் செய்தவை அனைத்தும் சரியா, அரசாங்கம் செய்தவை அனைத்தும் தவறா என்று தீர்ப்புக் கூற நான் முன்வரவில்லை. ஒன்று மட்டும் தெளிவு. ஆட்சியை எடுத்துக்கொண்டவர்கள், அதனோடு பிணைந்திருந்த 'கேட்டுப் பெறுதல்' என்னும் கடமையை எடுத்துக்கொள்ளவில்லை. விழாவுக்குப் பொருளுதவி செய்தனர். விழா உணர்த்திய பாடத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. இன்று தேரில் மன்னர் ஏறுவதில்லை. அம்மனின் குடையே ஏறிச் செல்கின்றது. கும்டாகோட்டில் தேர் இன்றும் கவரப்படுகின்றது. ஆனால் அது யாரை நோக்கிச் சொல்லும் சொல்?

நம்மை நோக்கி என்பதே என் விடை. இதனை நான் காரணத்தோடுதான் சொல்கிறேன்.

1959 பிப்ரவரியில் பிலாயின் முதல் ஊதுலை இயங்கத் தொடங்கியது. நம்முடைய பெற்றோரும் பாட்டன்மாரும் மூட்டை முடிச்சுகளோடு இங்கே வந்து குடியேறியது அந்த உலையின் வெம்மையை நம்பியே. நம் வீட்டு அடுப்பு எரிவதும், பிள்ளைகள் கற்பதும், இந்தச் சங்கம் நிமிர்ந்து நிற்பதும் இரும்புத் தாதுவால். தல்லி-ராஜ்ஹராவின் வளம் குன்றி வரவே, நம் ஆலையின் பார்வை தெற்கே ராவ்காட் மலையை நோக்கித் திரும்பியது; இருப்புப்பாதையும் அத்திசையில் நீண்டது. ராவ்காட் என்பது ஆலைக்குத் தாதுமலை. அங்கு வாழும் மக்களுக்கோ ராஜாராவ் என்னும் தெய்வத்தின் இருப்பிடம்.

இன்னும் தெற்கே பைலாடிலா மலைத்தொடரிலும் இதே நிலை. அங்கே நந்தராஜ் என்றொரு மலை. அதனையே தெய்வமாக வழிபடுகின்றனர் மக்கள். 2019 ஜூன் திங்களில், அம்மலையில் சுரங்கம் வெட்டும் பணியை எதிர்த்து ஆயிரக்கணக்கான பழங்குடி மக்கள் வில்லும் அம்பும் ஏந்திக் கிரந்துலில் திரண்டனர். ஊர்ச்சபையின் இசைவு பெற்றதாகக் காட்டப்பட்ட தீர்மானமே போலியானது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. மாநில அரசு பணியை நிறுத்தியது. அவர்கள் கேட்டது பணமா, இழப்பீடா என்பது முதல் வினா அன்று, "எம்மைக் கேட்டீர்களா?" என்பதே முதல் வினா. காச்சன் தேவியின் முள் ஊஞ்சலில் பிறந்த வினா அது.

நம் நாட்டுச் சட்டமும் அந்த வினாவை ஏற்றுக்கொண்டுள்ளது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடிப் பகுதிகளின் ஊர்ச்சபைகளுக்கு உரிமை வழங்கியது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் காட்டில் வாழ்வோரின் உரிமையை ஒப்புக்கொண்டது. ஏட்டில் உள்ள இசைவு நாட்டில் உண்மையாக வேண்டும். அது உண்மையாகாத இடத்தில் பல்லாண்டுகள் துப்பாக்கிகளே பேசின. இருபுறத்துத் துப்பாக்கிகளுக்கும் இடையே சிக்கி மாண்டோர் பெரும்பாலும் அந்தக் காட்டு மக்களே.

ஆலை வேண்டா என்று நான் சொல்லவில்லை. ஆலையில் உழைத்து உண்பவர்களின் அவையில் அவ்வாறு சொல்வது பொருந்தாது, உண்மையும் ஆகாது. இரும்பின்றி இக்காலத்தில் நாடு இல்லை. ஆனால் இரும்பை எடுக்கும் கைக்கு, எடுக்குமுன் கூப்பவும் தெரிந்திருக்க வேண்டும். அறுநூறு ஆண்டு அரசாண்ட குடும்பத்துக்கே அது இழிவாகத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

இளைஞர்களே! கற்பனை உலகங்களை விரும்பிப் படியுங்கள், குற்றமில்லை. தெய்வமும் குடியும் மன்னனும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் நாடு எப்படி இயங்கும் என்பதை அவை உங்களுக்குக் கற்பிக்கும். கற்றபின், வரும் தசரா விடுமுறையில் ஒரு முறை ஜகதல்பூருக்குச் செல்லுங்கள். படம் பிடிப்பதற்காக மட்டும் செல்லாதீர்கள். கும்டாகோட்டில் தேரைக் காத்து நிற்கும் மாரியா முதியவர் ஒருவரிடம் அருகே சென்று, அவருடைய ஊரின் எல்லை எது, ஊரின் தெய்வம் எது, இவ்வாண்டு விளைச்சல் எப்படி என்று கேளுங்கள். அவர் எண்ணும்போது 'மூந்து, நாலுங்' என்னும் ஒலி உங்கள் செவியில் விழும். அயலார் நாட்டில் வாழ்கிறோம் என்னும் எண்ணம் அப்போது சற்றே கரையும். அந்த மலைகள் வெறும் தாதுக் குவியல்கள் என்னும் எண்ணமும் கரையும்.